எலி லீவரை அழுத்தியது என்றால் உள்ளே என்ன நடந்தது?

போதைப்பொருள் ஆராய்ச்சி, மூளை ஆராய்ச்சி, செயற்கை நுண்ணறிவு என எந்தத் துறைச் செய்தியானாலும் ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும்: ‘எலி ஒரு மணி நேரத்தில் இத்தனை முறை லீவரை அழுத்தியது.’ எண் பெரிதாக இருந்தால், எலிக்கு அந்தப் பொருள் மேல் அவ்வளவு வெறி என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுகிறார். உண்மையில் எலியின் ஆசைக்கு அந்த எண்ணில் ஒரு பங்குதான். எலி எவ்வளவு பசியில் இருந்தது, எப்படிப் பழக்கினார்கள், எத்தனை அழுத்தலுக்கு ஒருமுறை உணவு விழுந்தது என்பவைதான் மீதியைத் தீர்மானிக்கின்றன. எலியைப் பழக்கும் வேலையை அடியிலிருந்து பார்த்தால் இது விளங்கும்.

முதலில் சொற்கள்

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவின் சோதனையில் நாய்க்கு மணி அடித்தபின் உணவு வந்தது. நாய் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் வந்தது. லீவர் எலியின் கதை வேறு. எலி ஏதாவது செய்தால்தான் உணவு. செயலின் விளைவே அந்தச் செயலை மறுபடி வரவைப்பதால் இதைச் ‘செயல்சார் ஆக்கநிலையுறுத்தல்’ என்கிறார்கள்.

இதன் வேர் 1898இல் உளவியலாளர் தார்ன்டைக் செய்த பூனைச் சோதனைகளில் இருக்கிறது. தாழ்ப்பாள் போட்ட பெட்டிக்குள் பூனையை விட்டு, அது வெளியே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒவ்வொரு தடவையும் அளந்தார். 1930களில் ஹார்வர்டில் உளவியலாளர் ஸ்கின்னர் செய்த மாற்றம் சிறியது, ஆனால் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஒவ்வொரு தடவையும் எலியைத் தூக்கி மறுபடி தொடக்கத்தில் வைக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், நினைத்தபோது அழுத்தட்டும், நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்துகிறது என்று மட்டும் எண்ணுவோம் என்றார். செய்தியில் வரும் அந்த எண் இங்கிருந்துதான் வருகிறது.

அதிகம் குழப்பப்படும் சொற்கள் மூன்று:

1. நேர்மறை வலுவூட்டல்: அழுத்தினால் ஏதோ ஒன்று வந்து சேர்கிறது, அதனால் அழுத்தல் கூடுகிறது.
2. எதிர்மறை வலுவூட்டல்: அழுத்தினால் தொல்லை தரும் ஒன்று (உதாரணமாக, தரையில் ஓடும் மின்னதிர்ச்சி) நிற்கிறது, அதனால் அழுத்தல் கூடுகிறது. இதைத் தண்டனை என்று எழுதுவது தவறு. இங்கும் செயல் கூடவே செய்கிறது.
3. தண்டனை: விளைவினால் அழுத்தல் குறைகிறது.

வலுவூட்டியை, அதாவது செயலைக் கூட்டும் பொருளை, அதன் விளைவை வைத்துத்தான் அடையாளம் காண வேண்டும். உணவு என்பதற்காகவே எதுவும் வலுவூட்டி ஆகிவிடாது. வயிறு நிறைந்த எலிக்கு அதே உணவுத் துண்டு தரையில் கிடக்கும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

அகலமும் உயரமும் ஏறக்குறைய ஓரடி உள்ள பெட்டி. பக்கவாட்டுச் சுவர்கள் உலோகம், முன்புறமும் மேலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக், தரை எஃகுக் கம்பிகளால் ஆனது. ஒரு சுவரின் நடுவே தரையை ஒட்டி உணவுத் தட்டு. அதன் இருபுறமும் தரையிலிருந்து ஆறேழு செ.மீ. உயரத்தில் லீவர்கள். எலி முன்கால் ஒன்றைத் தூக்கி வைத்தால் எட்டும் உயரம் அது. லீவரின் பின்னால் சிறு சுவிட்ச். சுமார் 25 கிராம் எடை விழுந்தால் அது இணையும்படி வைப்பது வழக்கம். கனமாக வைத்தால் இளம் எலி தொட்டாலும் பதிவாகாது. மிக இலேசாக வைத்தால் வால் பட்டால்கூட எண்ணிக்கை ஏறும்.

சுவருக்குப் பின்னால், பெல்லெட் எனப்படும் சிறு உணவு உருண்டைகளைத் தட்டில் தள்ளும் இயந்திரம். பெல்லெட் ஒன்றின் எடை பெரும்பாலும் 45 மில்லிகிராம். ஒரு கடி, இரண்டு நொடி, வேலை முடிந்தது. துண்டு பெரிதாக இருந்தால் எலி தின்பதிலேயே நேரம் போகும், வயிறும் சீக்கிரம் நிறையும்.

இவையெல்லாம் ஒலி புகாத வெளிப்பெட்டிக்குள் இருக்கும். சின்ன மின்விசிறி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக்காக மட்டுமல்ல, அதன் இரைச்சல் நடைவழிச் சத்தங்களை மூடவும்தான். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. எலிக்கு 80 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு நிசப்தமாக இருக்கும் அறையில் பழைய விளக்கோ திரையோ எலியின் காதில் கத்திக்கொண்டிருக்கலாம்.

பசியைக் கணக்கோடு வைத்தல்

எலியைத் தாராளமாகத் தின்னவிட்டு எடை பார்த்து, அதில் 85 சதவீதத்துக்கு ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாகக் கொண்டுவருவது பொது வழக்கம். 300 கிராம் எலி என்றால் 255 கிராம். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து, அதற்கேற்ப அன்றைய தீவனத்தை அளந்து போட வேண்டும். தண்ணீருக்குத் தடை இல்லை. இதற்கான வரம்புகளை நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுதான் வகுக்கும். வளரும் எலிக்கு ஒரு திருத்தம் உண்டு: இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த எடையில் 85 சதவீதம் என்று பிடித்துவைத்தால் அது இன்றைக்குப் பட்டினி. அதே வயதுள்ள, தாராளமாகத் தின்னும் எலியோடு ஒப்பிட்டு இலக்கை உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

பெட்டிக்குள் தின்றதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 100 பெல்லெட் என்றால் 4.5 கிராம். அதைக் கழிக்காமல் கூண்டில் முழுத் தீவனமும் போட்டால் மூன்று நாளில் எடை ஏறி, எலி லீவர் பக்கமே வராது. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தீவனம் போடுவதும் கூடாது. அரை மணியாவது கழியட்டும். இல்லையென்றால் சும்மா காத்திருந்தாலே சாப்பாடு வரும் என்று எலி கண்டுகொள்ளும்.

பழக்கத் தொடங்குமுன் நான்கைந்து நாள், தினம் சில நிமிடம் கையில் எடுத்துப் பழக வேண்டும். பத்திருபது பெல்லெட்டைக் கூண்டிலேயே போட்டு ருசி காட்ட வேண்டும். முன்பின் தெரியாத உணவை எலி சந்தேகத்தோடுதான் பார்க்கும். விஷம் வைத்துப் பிடிப்பவர்களைத் தோற்கடிக்கும் அதே குணம் இங்கும் குறுக்கே நிற்கும்.

‘டக்’ என்றால் உணவு

லீவரைத் தொடுமுன் ஒரு வேலை இருக்கிறது. அவசரக்காரர்கள் தாண்டிப்போவதும் இதைத்தான்.

எலி லீவரிடம் நிற்கிறது, உணவு தட்டில் விழுகிறது. அது தட்டை எட்டிப்பார்க்க ஐந்து நொடி ஆனால், அந்த ஐந்து நொடியில் முகத்தைத் துடைத்திருக்கும், திரும்பியிருக்கும். உணவு எந்தச் செயலுக்குக் கிடைத்தது? தாமதம் கூடக்கூடக் கற்றல் மந்தமாகும். இந்த இடைவெளியை அடைக்கும் பாலம், இயந்திரம் பெல்லெட்டைத் தள்ளும்போது எழும் ‘டக்’ ஒலி. ஒலியே உணவின் அடையாளமாகிவிட்டால் செயலுக்கும் விளைவுக்கும் இடையே தாமதம் மிச்சமிருக்காது. பாவ்லவ் இங்கே பின்வாசல் வழியாக வந்துவிடுகிறார்.

லீவர்களை உள்ளிழுத்துவிட்டு, தட்டில் இரண்டு மூன்று பெல்லெட்டை முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். பிறகு சராசரியாக நிமிடத்துக்கு ஒன்று வீதம் 30 முதல் 60 பெல்லெட். இடைவெளி ஒருமுறை 20 நொடி, அடுத்தமுறை 110 நொடி என்று மாறிக்கொண்டே இருக்கட்டும். எலி தட்டுக்குள்ளேயே தலையை வைத்துக்கொண்டிருந்தால் அது ஒலியைக் கற்கவில்லை, காவல் காக்கிறது. அது நகர்ந்தபின் கொடுக்க வேண்டும். பெட்டியின் எந்த மூலையில் இருந்தாலும், ‘டக்’ கேட்டதும் இரண்டு மூன்று நொடியில் தட்டுக்கு ஓடிவர வேண்டும். தொடர்ந்து பத்து முறை இப்படி நடந்தால் இந்தக் கட்டம் முடிந்தது.

எலி குறிப்பிட்ட ஒன்றைச் செய்யும்போதெல்லாம் தற்செயலாகப் பெல்லெட் விழுந்துவிட்டால் அது ஒட்டிக்கொள்ளும். மூலையில் இரண்டு காலில் நிற்பதையே தொழிலாக்கிக்கொண்ட எலிகள் இப்படி உருவானவைதான். ஸ்கின்னர் 1948இல் புறாக்களிடம் இதைக் கண்டு ‘மூடநம்பிக்கை’ என்று பெயரிட்டார்.

வடிவமைத்தல்: கண்ணும் விரலும்

எலி தானாகவே லீவரை அழுத்தும்வரை காத்திருக்கலாம். துருவிப் பார்க்கும் பிராணி என்பதால் எப்போதாவது அழுத்தவே செய்யும். அதனால்தான் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் உணவில்லாமல் விட்டு, அடிப்படை எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் காத்திருப்பதைவிட வேகமான வழி ‘ஷேப்பிங்’, அதாவது இலக்குக்குக் கொஞ்சம் அருகே வரும் ஒவ்வொரு அசைவுக்கும் உணவு கொடுத்து, நிபந்தனையைப் படிப்படியாக இறுக்குவது. கையில் ஒரு சுவிட்ச், அழுத்தினால் ‘டக்’. படிகள் ஏறக்குறைய இவை:

1. லீவர் இருக்கும் சுவரை நோக்கித் தலை திரும்புகிறது.
2. பெட்டியின் அந்தப் பாதிக்கு வருகிறது.
3. மூக்கு லீவருக்கு ஐந்து செ.மீ.க்குள் வருகிறது.
4. மூக்கோ மீசையோ லீவரில் படுகிறது.
5. லீவர் அருகே முன்கால் தரையை விட்டு எழும்புகிறது.
6. பாதம் லீவர்மேல் விழுகிறது.
7. சுவிட்ச் இணையும் அளவுக்கு அழுத்துகிறது.

தாளில் இது படிக்கட்டு மாதிரி தெரியும். பெட்டிக்குள் அப்படி இருக்காது. நான்காம் படியை எடுத்துக்கொள்வோம். எலி வருகிறது, லீவரை மோப்பம் பிடிக்கிறது, ‘டக்’, தின்கிறது. மறுபடி வருகிறது, மோப்பம், ‘டக்’. மூன்றாவது முறையும் அப்படியே. இப்போது விரலை நிறுத்த வேண்டும். எலி மோந்துவிட்டுத் தட்டைப் பார்க்கிறது. ஒன்றுமில்லை. திரும்பி வந்து இன்னும் அழுத்தமாக மோக்கிறது, லீவரின் விளிம்பைக் கடிக்கிறது, அடியில் மூக்கை விட்டு மேலே நெம்புகிறது, எழும்பி ஒரு பாதத்தைச் சுவரில் ஊன்றுகிறது. அந்தப் பாதம் எழும்பிய கணம், ‘டக்’.

நடந்தது இதுதான்: பலன் கொடுத்துக்கொண்டிருந்த செயல் திடீரென்று பலிக்காவிட்டால் பிராணி அதையே வலுவாகவும் பலவிதமாகவும் செய்துபார்க்கும். ஷேப்பிங் ஓடுவது இந்தச் சிதறலை வைத்துத்தான். உணவைக் கொடுப்பதைவிட எப்போது நிறுத்துவது என்று தெரிவதே பழக்குபவரின் கைத்திறன். ஒரு படிக்கு இரண்டு முதல் நான்கு பெல்லெட் போதும். ஒரே படியில் பதினைந்து கொடுத்துவிட்டால் எலி மோப்பம் பிடிப்பதில் நிபுணன் ஆகிவிடும், அங்கிருந்து நகர்த்துவது பெரும்பாடு. மறுபுறம், இரண்டு நிமிடம் ஆகியும் அடுத்த படி வரவில்லையென்றால் ஒரு படி கீழே இறங்கி ஒன்றிரண்டு கொடுக்க வேண்டும். பிடிவாதமாகக் காத்திருந்தால் அதுவரை கட்டியதும் கலைந்து, எலி மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நேரத்தைப் பற்றி ஒரு நுணுக்கம். கண் பார்த்து விரல் அழுத்தக் கால் நொடியாவது ஆகும். எலியோ வேகமான பிராணி. அசைவு முடியட்டும் என்று பார்த்திருந்தால், அது திரும்பும்போது ‘டக்’ விழும், லீவரிலிருந்து திரும்புவதையே கற்றுக்கொள்ளும். அசைவு தொடங்கும்போதே விரல் இறங்க வேண்டும்.

சுவிட்ச் முதன்முறை இணைந்ததும் இயந்திரமே பெல்லெட் தரும். மூன்று நான்கு அழுத்தல்கள் இடைவெளி விட்டு வரும், பிறகு சட்டென்று வரிசையாக வரத் தொடங்கும். அந்தக் கணத்தில் கைச் சுவிட்சைக் கீழே வைத்துவிட வேண்டும். நன்றாகத் தயார்செய்த எலிக்கு இதெல்லாம் அரை மணி நேர அமர்வு ஒன்றிலோ இரண்டிலோ முடிந்துவிடும்.

சரியாக வராதபோது

1. ‘டக்’ கேட்கிறது, பெல்லெட் விழவில்லை. ஈரப்பதத்தில் பெல்லெட் மென்மையாகி, தூள் அடைத்துக்கொள்வதால் வருவது இது. நான்கைந்து முறை நடந்தால் ஒலியின் மதிப்பே போய்விடும். அமர்வுக்கு முன் பத்து முறை இயக்கி, பத்தும் விழுந்ததா என்று எண்ணிப் பார்ப்பதுதான் மருந்து.
2. எலி உறைந்து உட்கார்ந்திருக்கிறது, கழிவு நிறைய. பயம். லீவரை மறந்துவிட்டு, கையில் எடுத்துப் பழக்குவதற்குத் திரும்ப வேண்டும்.
3. தட்டை விட்டு நகரவில்லை. முதல் கட்டத்தில் தலை உள்ளே இருக்கும்போதே அதிகம் கொடுத்திருக்கிறார்கள்.
4. லீவரைக் கடிக்கிறது, அழுத்துவதில்லை. கடித்தபோது சுவிட்ச் தற்செயலாக இணைந்திருக்கும். பாதம் எழும்பும்போது மட்டும் கையால் கொடுத்துத் திருத்தலாம்.
5. லீவரில் பெல்லெட் தூளைத் தடவும் குறுக்குவழி. உடனே வேலைசெய்யும், ஆனால் எலி நக்கக் கற்கும், அழுத்த அல்ல. வாசனை அடுத்த எலிக்கும் தங்கும்.

கையே வைக்காத வழியும் உண்டு. லீவரைச் சில நொடி வெளியே நீட்டி, உள்ளிழுத்ததும் உணவு கொடுத்தால், லீவரே உணவின் அறிகுறியாகி எலி அதைத் தொட ஆரம்பிக்கும். 1968இல் பிரவுனும் ஜென்கின்ஸும், லீவருக்குப் பதில் ஒளிரும் பொத்தானை வைத்து, புறாக்களிடம் காட்டிய வழி இது. பல பெட்டிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் கூடங்களுக்கு வசதி.

அட்டவணை: எண்ணின் உண்மையான முதலாளி

ஒரு அழுத்தலுக்கு ஒரு பெல்லெட் என்பது தொடக்கம் மட்டுமே. எந்த அழுத்தலுக்கு உணவு என்ற விதிக்கு ‘வலுவூட்டல் அட்டவணை’ என்று பெயர். இதன் பிறப்பில் தத்துவம் ஏதுமில்லை, பற்றாக்குறைதான். ஸ்கின்னர் அப்போது பெல்லெட்டைக் கையால் செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை இருப்பைப் பார்த்தபோது திங்கள் காலைக்குள் தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு ஒன்றுதான் கொடுப்போம் என்று முடிவெடுத்தார். எலி நிற்கவில்லை, சீராக அழுத்திக்கொண்டே போனது.

1. நிலையான விகிதம்: உதாரணமாகப் பத்து அழுத்தலுக்கு ஒன்று. உணவுக்குப் பின் சிறு ஓய்வு, பிறகு ஒரே ஓட்டம்.
2. மாறும் விகிதம்: சராசரி இருபது, ஆனால் எந்த அழுத்தலுக்கு உணவு விழும் என்று தெரியாது. ஓய்வு குறைவு, வேகம் மிக அதிகம். சூதாட்ட இயந்திரத்தின் விதியும் இந்த வகைதான்.
3. நிலையான இடைவெளி: 60 நொடி கழிந்தபின் வரும் முதல் அழுத்தலுக்கு மட்டும் உணவு. உணவு வந்தவுடன் எலி சும்மா இருக்கும், நேரம் நெருங்க நெருங்க வேகமெடுக்கும்.
4. மாறும் இடைவெளி: நேரம் மாறிக்கொண்டே இருக்கும். மிதமான, சீரான அழுத்தல்.

விகிதத்தைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்: 1, 3, 5, 10. ஒன்றிலிருந்து நேராக இருபதுக்குத் தாவினால் எலி ஐந்தாறு அழுத்தி, பலனில்லை என்று விட்டுவிடும். இதை விகிதத் திணறல் என்கிறார்கள்.

60 நொடி நிலையான இடைவெளியில் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 60 பெல்லெட். அதற்குக் கோட்பாட்டளவில் 60 அழுத்தலே போதும். மாறும் விகிதம் இருபதில் அதே 60 பெல்லெட்டுக்குச் சுமார் 1,200 அழுத்தல் வேண்டும். அதே எலி, அதே பசி, அதே உணவு. செய்தியில் 1,200 என்று மட்டும் வந்தால் அது எதைச் சொல்கிறது?

உணவு நின்றால்

இயந்திரத்தை நிறுத்திவிட்டால் அழுத்தல் மெல்லக் குறைந்து அடிப்படை எண்ணிக்கைக்குத் திரும்பும். இதை ‘மறைதல்’ என்கிறார்கள். ஸ்கின்னருக்கு இதன் முதல் வரைபடம் கிடைத்ததே பெல்லெட் இயந்திரம் அடைத்துக்கொண்ட ஒரு நாளில்தான். முதலில் எண்ணிக்கை குறையாது, எகிறும். எலி வேகமாகவும் வலுவாகவும் அழுத்தும், லீவரைக் கடிக்கும். மறுநாள் பெட்டியில் விட்டால், நேற்று நின்றுபோன அழுத்தல் கொஞ்சம் திரும்பி வரும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உணவு பெற்ற எலியைவிட, எப்போதாவது பெற்ற எலி அதிக நேரம் விடாமல் அழுத்தும். ‘ஆயிரம் முறை வீணாக அழுத்தியது’ என்று ஒரு செய்தி வியந்தால், பழைய அட்டவணை என்ன என்பதே அங்கே முதல் கேள்வி.

செய்தியைப் படிக்கும்போது

போதைப்பொருள் சோதனையில் எலியின் இரத்தக் குழாயில் மெல்லிய குழாய் பொருத்தி, லீவரை அழுத்தினால் சிறு அளவு மருந்து போகும்படி அமைக்கிறார்கள். இங்கே பார்க்க வேண்டியவை:

1. இரண்டாவது லீவர். அதை அழுத்தினால் ஒன்றும் வராது. மருந்து எலியைப் பொதுவாகத் துள்ளவைத்தால் இரண்டு லீவரிலும் எண்ணிக்கை ஏறும். மருந்து லீவரில் மட்டும் ஏறினால்தான் அது வலுவூட்டல்.
2. ஏறும் விகிதம். ஒவ்வொரு முறையும் தேவைப்படும் அழுத்தல்களை உயர்த்திக்கொண்டே போய், எலி எங்கே கைவிடுகிறது என்று பார்ப்பது. 1961இல் ஹோடஸ் காட்டிய முறை. எவ்வளவு வேண்டும் என்பதற்கு வெறும் எண்ணிக்கையைவிட இந்தக் கைவிடும் புள்ளி நம்பகமானது.
3. நிறைவு உண்டா? 1954இல் ஓல்ட்ஸும் மில்னரும் மூளையின் சில இடங்களில் மின்முனை பொருத்தி, லீவரை அழுத்தினால் அங்கே தூண்டல் கிடைக்கும்படி செய்தனர். எலிகள் அழுத்திக்கொண்டே இருந்தன. பெல்லெட் வயிற்றை நிரப்பும், மின் தூண்டல் நிரப்பாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘உணவைவிட இன்பம்’ என்று எழுதுவது பொருந்தாத ஒப்பீடு.
4. எவ்வளவு நாள் பழக்கினார்கள்? எலி உணவை நினைத்து அழுத்துகிறதா, பழக்கத்தில் அழுத்துகிறதா என்று பிரிக்க 1980களின் தொடக்கத்தில் ஆடம்ஸும் டிக்கின்சனும் ஒரு வழி கண்டனர். லீவரால் பெற்ற பெல்லெட்டைத் தனியாகத் தின்னவிட்டு, பின் குமட்டல் உண்டாக்கும் ஊசி போட்டால் எலி அந்தப் பெல்லெட்டை வெறுக்கும். பிறகு லீவரைக் காட்டும்போது, கொஞ்ச நாள் பழகிய எலி அழுத்துவதைக் குறைத்துக்கொள்கிறது. மிக நீண்ட நாள் பழகிய எலி, தின்ன மனமில்லாத அந்தப் பெல்லெட்டுக்காக முன்போலவே அழுத்துகிறது. இந்தச் சோதனையின்போது பெல்லெட் இயந்திரத்தை நிறுத்தியே வைக்கிறார்கள். ஒன்று விழுந்து, எலி அதை மோந்து முகம் திருப்பினால் அந்த நொடியே புதிய பயிற்சி ஆகிவிடும், பழைய பயிற்சி என்ன விட்டுச்சென்றது என்று அளக்க முடியாமல் போய்விடும்.